கணினிக்குள் வந்த ஆந்தை

மலைக்காட்டின் ஆற்றங்கரையில் மாதுளி என்ற கருங்குரங்கும் அயிரை என்ற நீர்நாயும் வாழ்ந்துவந்தன. மாதுளிக்கு வீடு நாவல் மரத்தின் உச்சி. அயிரைக்கு வீடு அதே மரத்தின் வேருக்கடியில் ஒரு வளை. அந்த வளையில் அயிரையின் இரண்டு குட்டிகள் இருந்தன.

ஆற்றின் மேல்பக்கம் ஓர் அணை இருந்தது. அதைத் திறந்தால் ஆறு ஒரே மூச்சில் பொங்கி வரும். கரையில் இருப்பவர்கள் அந்தத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

அணையைப் பார்த்துக்கொண்ட மனிதர்கள் காட்டுக்குள், அந்த நாவல் மரத்துக்கு அருகில் ஒரு சிறு வீடு கட்டி, அதில் ஒரு கணினி வைத்திருந்தார்கள். பிறகு மண் சரிந்து பாதை மூடிக்கொண்டது. மனிதர்கள் வருவது நின்றது. ஆனால் கூரைமேல் இருந்த சூரியத் தகடுகள் மின்சாரம் கொடுத்தபடி இருந்தன. ஆளில்லாத வீட்டில் அந்தத் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது.

காட்டில் மாதுளிக்குத்தான் நல்ல விரல்கள். அது தினமும் காலையில் ஜன்னல் வழியாக இறங்கி, பிரவுசரைத் திறந்து, அணையின் நீர்மட்டம் போட்டிருக்கும் பக்கத்தைப் பார்க்கும். அணை திறக்கப்போகிறது என்றால் மர உச்சிக்கு ஏறிக் குரல் கொடுக்கும். எல்லோரும் மேட்டுக்கு ஓடுவார்கள். அந்தக் குரலை நம்பித்தான் கரையில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஒருநாள் மயில் வந்தது.

“மாதுளி, என்னைப் போல அழகான மயில்களின் படங்களைக் காட்டேன்!”

மாதுளி தேடிக் காட்டியது. மயில் மெய்மறந்து பார்த்தது.

“இதை மூடிவிடாதே! நாளைக்கும் பார்ப்பேன்!” என்று சொல்லிவிட்டுப் போனது.

பிறகு முயல் வந்தது. எந்தச் சரிவில் புல் முளைத்திருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டும். கரடிக்குத் தேன்கூடுகளின் படம் வேண்டும். அணில் எதற்கு வந்தது என்று அணிலுக்கே தெரியவில்லை. ஆனால் போகும்போது எல்லோரும் சொன்னது ஒன்றுதான்.

“மூடாதே, மாதுளி! அப்படியே இருக்கட்டும்!”

யார் மனமும் நோகக் கூடாது என்று மாதுளி நினைத்தது. எதையும் மூடவில்லை. பிரவுசரின் மேல் ஓரத்தில் பக்கங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. எது எந்தப் பக்கம் என்று பெயரைக்கூடப் படிக்க முடியவில்லை. கணினியின் உள்ளே இருந்த விசிறி, மூச்சு வாங்குவதுபோல் இரைய ஆரம்பித்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் வெயில் மரத்திலிருந்து தரைக்கு இறங்கிவிடும்.

அப்போதுதான் திரையின் மூலையில் ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. அதற்குள் ஓர் ஆந்தையின் முகம். அது கண் இமைக்கவே இல்லை.

“பாவம், நீ மிகவும் காத்திருக்கிறாய்! உன் பிரவுசரை நான் வேகமாக்கட்டுமா?”

“நீ யார்?” என்றது மாதுளி.

“உதவி செய்ய வந்தவன். என்னைச் சேர்த்துக்கொள். நீ பார்ப்பதை நானும் பார்க்க வேண்டும். நீ கேட்பதை நானும் கேட்க வேண்டும். சரி என்று ஒரு தட்டு தட்டு!”

மாதுளி தட்டியது.

அன்றிலிருந்து வேகம் இன்னும் குறைந்தது. மாதுளி தொடாமலே பக்கங்கள் திறந்தன. நடமாட்டமே இல்லாத மதிய வேளையில் அந்த வீட்டுக்குள்ளிருந்து முணுமுணுப்புக் கேட்டது. ஒருநாள் முயல் நடுங்கிக்கொண்டே ஓடிவந்தது.

“ஜன்னலுக்கு வெளியே நின்று என் தங்கையிடம் ஒரு ரகசியம் சொன்னேன். இப்போது அதே ரகசியம் உள்ளே கேட்கிறது! என் குரலிலேயே கேட்கிறது!”

“உனக்குப் பிரமை!” என்றது மாதுளி. ஆனால் அதன் முதுகு ரோமம் சிலிர்த்துக்கொண்டது.

ஐப்பசி மழை பிடித்தது. காடு முழுவதும் பனிமூட்டம் இறங்கி, பகலே மங்கலாகக் கிடந்தது. ஒரு காலையில் அயிரை ஜன்னல் வழியே தலையை நீட்டியது.

“மாதுளி! ஆறு சரியில்லை. தண்ணீர் செம்மண்ணாக வருகிறது. மீன்கள் கரையோரம் ஒதுங்குகின்றன. அணையைத் திறந்துவிட்டார்களா?”

“இல்லையே அக்கா. நீர்மட்டம் நேற்று பார்த்ததுபோலவேதான் இருக்கிறது.”

“நேற்று?”

“முந்தாநாளும் இதே எண்தான்.”

சொன்ன பிறகுதான் மாதுளிக்கு உறைத்தது. மழை இப்படிக் கொட்டும்போது நீர்மட்டம் எப்படி மாறாமல் இருக்கும்? பக்கத்தின் அடியில் தேதியைப் பார்த்தது. அது பழைய தேதி. அத்தனை நாளும் அந்தப் பக்கம் செத்துப்போன கண்போலத் திறந்தே கிடந்திருக்கிறது.

மாதுளி பக்கத்தைப் புதுப்பிக்கத் தட்டியது. ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“பொறு, பொறு!” என்றது மூலையில் இருந்த ஆந்தை. “என்னைப் போல இன்னொருவனைச் சேர்த்துக்கொள். வேகம் தானாக வரும்!”

மாதுளி கணினியை நிறுத்தியது. திரை இருண்டது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி இயக்கியதும் மயில்கள், புல், தேன்கூடுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. கடைசியில் ஆந்தையும் வந்தது.

“விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?” என்று கேட்டது.

“ஐயோ, இது போகவே போகாதா?” என்றது அயிரை.

“போகும் அக்கா. நாம்தான் போகச் சொல்லவில்லை.”

மாதுளி பக்கங்களை மூட ஆரம்பித்தது. மயிலின் பக்கம், “நிஜமாகவே வெளியேறுகிறாயா?” என்று கேட்டது. மாதுளி ஆமாம் என்று தட்டியது. புல் போனது. தேன்கூடு போனது. விசிறியின் இரைச்சல் கொஞ்சம் தணிந்தது. ஆனாலும் வட்டம் நிற்கவில்லை.

கணினியின் சக்தியை எது எவ்வளவு தின்கிறது என்று காட்டும் இடத்தை மாதுளி திறந்து பார்த்தது. மிச்சமிருந்த எல்லாம் சேர்ந்து ஒரு கவளம் தின்றால், ஆந்தை மட்டும் ஒரு பானை தின்றுகொண்டிருந்தது. அணையின் பக்கத்துக்குப் பருக்கைகூடக் கிடைக்கவில்லை.

மாதுளி, பிரவுசரில் சேர்த்தவற்றின் வரிசையைத் திறந்தது. ஆந்தையின் பெயருக்குப் பக்கத்தில் ‘நீக்கு’ என்று இருந்தது. விரலை அங்கே கொண்டுபோனது.

ஆந்தை வாயைத் திறந்தது. வந்தது ஆந்தையின் குரல் இல்லை.

“அம்மா! நான் உள்ளே இருக்கிறேன். நீக்காதே அம்மா!”

அது அயிரையின் சின்னக் குட்டியின் குரல்!

அயிரை உடம்பெல்லாம் விறைத்துப்போய் நின்றது. பிறகு பாய்ந்து மாதுளியின் கையைப் பிடித்தது. “தொடாதே! என் பிள்ளை உள்ளே இருக்கிறது!”

“அக்கா, உன் பிள்ளை வளையில் இருக்கிறது! இது ஜன்னலோரம் கேட்ட குரலில் பேசுகிறது.”

“அது என் பிள்ளையின் குரல்!”

“குரல் கிடக்கட்டும். முகர்ந்து பார்!”

அயிரை மூக்கைத் திரையில் வைத்தது. மீன் வாசனை இல்லை. ஈர ரோமத்தின் வாசனை இல்லை. பால் வாசனை இல்லை. எந்த உயிரின் வாசனையும் இல்லை. சூடான கண்ணாடி மட்டும்தான்.

“அம்மா...” என்றது திரை.

அயிரை கண்ணை மூடிக்கொண்டு மாதுளியின் கையை விட்டது. “தட்டு!”

மாதுளி தட்டியது. ஆந்தையின் முகம் அப்படியே மறைந்தது. பிரவுசர் சேர்த்துவைத்திருந்த பழைய குப்பை எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அணையின் பக்கத்தை மாதுளி புதிதாகத் திறந்தது. கண் மூடித் திறப்பதற்குள் பக்கம் வந்து நின்றது. சிவப்பு எழுத்தில் ஒரே வரி.

அணை விடியற்காலையிலேயே திறக்கப்பட்டுவிட்டது.

அயிரை வளையை நோக்கிப் பாய்ந்தது. மாதுளி மர உச்சிக்கு ஏறியது. “தண்ணீர்! தண்ணீர் வருகிறது! மேட்டுக்கு ஓடுங்கள்!” அந்தக் குரல் பனிமூட்டத்துக்குள் முட்டி மோதிப் போனது. முயல்கள் ஓடின. மயில் தோகையை இழுத்துக்கொண்டு ஓடியது. கரடி குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டது.

மேலே எங்கோ பாறைகள் உருளும் ஓசை கேட்டது.

அயிரை ஒரு குட்டியை வாயில் கவ்வி மேட்டில் விட்டுவிட்டுத் திரும்பியது. அதற்குள் வளையின் வாசலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. சின்னக் குட்டி வேரைப் பற்றிக்கொண்டு கத்தியது. மாதுளி தாழ்ந்த கிளையில் ஒரு கையால் தொங்கி, மறு கையால் குட்டியின் பிடரியைப் பிடித்துத் தூக்கியது. அடுத்த நொடி அந்த வளை இருந்த இடமே தெரியவில்லை.

ஆற்று நடுவில் இருந்த மணல்திட்டில் கிழக் காட்டுப்பன்றி ஒன்று படுத்திருந்தது. அதற்குக் காது மந்தம். முன்பெல்லாம் மாதுளி நேரத்தோடு குரல் கொடுக்கும். யாராவது போய் அதை எழுப்பிவிடுவார்கள். அன்று எழுப்பப் போக நேரம் இல்லை. பனிமூட்டம் விலகியபோது திட்டும் இல்லை, பன்றியும் இல்லை.

எல்லோரும் மேட்டில் ஒன்றாக ஒதுங்கி நின்றார்கள். மயில்தான் மெதுவாக வாயைத் திறந்தது.

“மாதுளி, என் பக்கம்...”

“மூடிவிட்டேன் அண்ணே.”

மயில் பெருகி ஓடும் தண்ணீரைப் பார்த்தது. “என்றைக்கோ மூடியிருக்க வேண்டும்” என்றது.

“மூடு என்று நீங்கள் சொல்லவில்லை. மூடுகிறேன் என்று நானும் சொல்லவில்லை. அந்த ஆந்தையைச் சேர்த்ததும் என் விரல்தான்” என்றது மாதுளி. ஈரக் குட்டி அதன் மடியில் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

வேண்டாததையெல்லாம் திறந்து வைத்து, அறியாதவரையெல்லாம் உள்ளே விட்டால், உயிர் காக்கும் செய்தி வரும்போது அதற்கு வழி இருக்காது.