அக்கரைக்குப் போன இலைப்பைகள்

கோரைக்குளத்தில் மரகதம் என்றொரு பெண் ஆமை இருந்தாள். அவள் முதுகில் முதன்முதலாக இலைப்பைகள் ஏறிய நாளை, வயதாகிப் போன பிறகும் அவள் மறக்கவில்லை. வெயில் காயப் பாறையில் ஏறும்போதெல்லாம் அந்த நாள்தான் நினைவுக்கு வரும். நினைத்தால் சிரிப்பு வரும்.

அப்போது குளத்தின் இக்கரையில், அத்திமரத்தடிப் புதர்களில் தையல்சிட்டுகள் குடியிருந்தன. சிட்டுகளில் தைப்பது பெண்கள்தான். ஆண் சிட்டுகள் கிளையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும். கேட்டால் அதுவும் வேலைதான் என்று சாதிக்கும். பெண்களோ இலையை மடக்கி, அலகால் ஓரத்தில் துளை போட்டு, சிலந்தி நூலைக் கோத்து இழுப்பார்கள். நூல் நழுவாமல் இருக்க வெளிப்பக்கம் ஒரு பஞ்சு முடிச்சு. கூடு தைத்தது போக மிஞ்சிய நேரத்தில், அதே தையலில் சின்னச் சின்னப் பைகளும் தைத்தார்கள். அக்கரையில் இருந்த சுண்டெலிகளுக்கு, புல்லரிசி சேர்த்து வைக்க அந்தப் பைகள் என்றால் உயிர்.

ஆனால் தைத்தவர்களுக்கு அந்த விஷயம் தெரியாது. திறந்த தண்ணீருக்கு மேலே பறந்தால் பருந்து கொத்திக்கொண்டு போய்விடும். அதனால் எந்தச் சிட்டும் அக்கரையைப் பார்த்ததில்லை. பைகளை வாங்கிப் போனவன் ஒரு காகம். பெயர் மாசிலாமணி. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒவ்வொரு முறையும் வந்து உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விடுவான். அக்கரையில் இந்தப் பைகளைச் சீந்துவாரில்லை, உங்கள் மேல் இரக்கப்பட்டுத்தான் வாங்குகிறேன் என்பான். விலையாக, காய்ந்த ஈசலில் நொறுங்கினதாகப் பார்த்துக் கொஞ்சம் உதறிவிட்டுப் போவான். பாவம், அந்தப் பெண்கள் அவனுக்கு நன்றி வேறு சொல்வார்கள்.

ஒருநாள் பாசி மேய அக்கரைக்குப் போன மரகதம், சுண்டெலிகள் ஒரு பைக்காக அடித்துக்கொள்வதைப் பார்த்தாள். காகத்தின் முன்னால் அவை விலையாகக் கொடுத்த முழு ஈசல் குவியலாகக் கிடந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே திரும்பி வந்து, சிட்டுகளிலேயே கைதேர்ந்தவளும் வாய்த்துடுக்குக்காரியுமான செங்கமலத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

செங்கமலம் முழுக்கக் கேட்டாள். பிறகு தலையைச் சாய்த்து ஆமையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"உன் முதுகு சும்மாதானே இருக்கு, அக்கா?" என்றாள்.

அப்படித்தான் அந்த வியாபாரம் ஆரம்பித்தது. மரகதம் பைகளைச் சுமந்து போவாள். விற்று வந்த ஈசலை அத்தனை பேர் முன்னாலும் கொட்டுவாள். சுமைகூலி என்று பேசியதை எல்லோரும் பார்க்க எடுத்துக்கொள்வாள். மீதி முழுக்கத் தைத்தவர்களுக்கு.

முதல் நாள் அவள் திரும்பி வந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கோரைப்புல் முழுக்கச் சிட்டுகள் தொற்றிக்கொண்டிருந்தன. முழு ஈசலைக் கண்டதும் ஒரே கூச்சல். ஆண் சிட்டுகள்கூடப் பாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தன. செங்கமலம் ஆமையின் தலைமேலேயே ஏறி நின்று கத்தினாள். தனக்காக எந்தக் கரையும் காத்திருக்காத ஒரு வாழ்க்கை மரகதத்தினுடையது. அன்றைக்கு ஒரு கரை முழுக்க அவளுக்காகக் காத்திருந்தது. அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் நூறு தடவை நீந்தலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த வருஷம் நன்றாகப் போயிற்று. அடைமழையில் பூச்சி பிடிக்க வெளியே போக முடியாத நாட்களில், சேர்த்து வைத்த ஈசலைத் தின்று எல்லாக் குஞ்சுகளும் பிழைத்தன.

அடுத்த வருஷம் சுண்டெலிகளிடம் போதுமான பைகள் இருந்தன. இப்போது பை கேட்டு வந்தவை அணில்கள். அவற்றுக்குப் புங்கங்கொட்டையும் புளியங்கொட்டையும் சேர்த்து வைக்க வேண்டும். கோமதி என்ற அணில் ஒரு பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையல் அழகுதான், ஆனால் வாய் சிறியது, கனம் தாங்காமல் அடி பிரிகிறது என்றாள். ஒளிவுமறைவில்லாமல், மரியாதையாகத்தான் சொன்னாள். மற்ற அணில்களும் அதையே சொல்லிவிட்டுப் போயின.

மரகதம் விற்காத பைகளோடு திரும்பினாள். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். தூரத்தில் கோரைப்புல் அசைவது தெரிந்தது. இருக்கிற நூலையெல்லாம் தைத்துத் தீர்த்துவிட்டு, அலகு தேய்ந்து போய் அந்தப் பெண்கள் காத்திருந்தார்கள். உங்கள் பை சரியில்லை என்று அந்த முகங்களைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அந்தப் பழைய கூச்சல் நின்று போய்விடுமோ என்றும் பயம்.

அவள் ஒரு காரியம் செய்தாள். ஆமைக்குத் தெரிந்த காரியம். தண்ணீருக்குள் முங்கி, குளத்து மூலையில் பைகளைச் சேற்றில் புதைத்தாள். தனக்கென்று சேர்த்து வைத்திருந்த நத்தைகளைச் சுண்டெலிகளிடம் கொடுத்து ஈசல் வாங்கினாள். அதைக் கொண்டு போய்க் கரையில் கொட்டி, எல்லாம் விற்றுப் போயிற்று என்றாள்.

கூச்சல் எழுந்தது. மரகதமும் சிரித்தாள். ஆனால் முதல் நாள் சிரித்தது போல இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு பயணமும் அப்படியே ஆனது. சிட்டுகள் அதே அளவில், அதே வாயோடு, இன்னும் அதிகமாகத் தைத்தார்கள். சேற்றில் பைகள் பெருகின. மரகதத்தின் நத்தைகள் தீர்ந்தன. அவள் வாடிப் போனாள். ஓட்டுக்குள் உடம்பு ஆடியது.

அந்தக் கோடையில் மழை பொய்த்துக் குளம் வற்றியது. மூலைச் சேறு வெளியே வந்து வெடித்தது. வெடிப்புக்குள்ளிருந்து மட்கிய இலைகளும் பஞ்சு முடிச்சுகளும் தலைகாட்டின. அதை முதலில் பார்த்தது யார் கண் என்று சொல்லவும் வேண்டுமா? மாசிலாமணி ஒரு பையைக் கவ்விக்கொண்டு போய் அத்திமரத்தடியில் போட்டான்.

"தங்கச்சிங்களா, உங்க சரக்கு எங்கே போச்சுன்னு பாத்துக்குங்க. நானாவது நொறுங்கினதைக் குடுத்தேன். அவ புதைச்சே போட்டுட்டா. மழைக்கு முன்னாடி எங்கிட்டே வந்துருங்க" என்றான்.

சிட்டுகள் சேற்றுக்குப் போய்ப் பார்த்தார்கள். ஒவ்வொருத்திக்கும் தன் முடிச்சு தெரியும். தன் தையல் அழுகிக் கிடப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் தாங்கும்? ஒருத்தி அழுதுவிட்டாள். செங்கமலம் அழவில்லை. நேரே மரகதத்திடம் வந்தாள்.

மரகதம் எதையும் மறைக்கவில்லை. அணில்கள் சொன்னதைச் சொன்னாள். நத்தைகளைக் கொடுத்து ஈசல் வாங்கியதைச் சொன்னாள். "உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் செஞ்சேன், தாயி" என்றாள்.

"அவன் விக்கலைன்னு பொய் சொன்னான். நீ வித்துருச்சுன்னு பொய் சொன்னே" என்றாள் செங்கமலம். "ரெண்டு பேருமே அக்கரையை எங்க கண்ணுல காட்டல. வாய் சின்னதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னிக்கே பெருசாத் தச்சிருப்போமே அக்கா. எங்களுக்குத் தைக்கத் தெரியாதுன்னா நெனச்சே?"

அவர்கள் போய்விடுவார்கள், மழைக்கு முன் காகத்திடமே போய்ச் சேர்ந்துவிடுவார்கள், இனிமேல் கோரைப்புல்லில் யாரும் காத்திருக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டு மரகதம் தலையைக் குனிந்தாள்.

ஆனால் செங்கமலம் போகவில்லை. அந்த வாரம் தைத்த பைகளை ஆமையின் முதுகில் ஏற்றச் சொன்னாள். பிறகு பைகளுக்கு நடுவில் தானும் புகுந்து உட்கார்ந்தாள். இன்னும் மூன்று பெண்களும் இலைகளுக்குள் நுழைந்துகொண்டார்கள்.

"பருந்துக்கு இலைதான் தெரியும். நீ நீந்து" என்றாள்.

குளம் வற்றியிருந்ததால் நீந்தியது பாதி, சேற்றில் ஊர்ந்தது பாதி. மேலே பருந்து ஒருமுறை வட்டமிட்டுவிட்டுப் போயிற்று. சிட்டுகள் முதன்முறையாக அக்கரை மண்ணில் இறங்கினார்கள்.

கோமதி அணில் தைத்தவர்களை நேரில் பார்த்ததும் கொஞ்சம் திகைத்தாள். இருந்தாலும் மரகதத்திடம் சொன்னதையே அவர்களிடமும் சொன்னாள். செங்கமலத்துக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அடக்கிக்கொண்டு ஒரு புங்கங்கொட்டையைக் கொண்டு வரச் சொன்னாள். இத்தனை நாளும் அவர்கள் பையின் அளவைத் தங்கள் நெஞ்சை வைத்து அழுத்தித்தான் பார்த்தார்கள். சிட்டின் நெஞ்சு எவ்வளவு, புங்கங்கொட்டை எவ்வளவு! அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அங்கேயே உட்கார்ந்து தைத்தார்கள். இலை மேல் இலை வைத்து அடியை இரட்டித்தார்கள். வாயை அணிலின் கை நுழையும்படி விட்டார்கள். கோமதி கொட்டைகளைப் போட்டுத் தூக்கி உதறிப் பார்த்தாள். ஒரு முடிச்சுகூட நழுவவில்லை. உடனே மற்ற அணில்களும் ஓடி வந்து, எனக்கு உனக்கு என்று கேட்க ஆரம்பித்தன. அணில்கள் விலையாகக் கொடுத்த, மழைக்காலத்துக்கு வேண்டிய ஈசல் மழைக்கு முன்பே இக்கரைக்கு வந்து சேர்ந்தது. மாசிலாமணி அத்திமரத்தில் சில நாள் பெருமூச்சு விட்டுப் பார்த்துவிட்டு வேறு ஊருக்குப் போனான்.

ஆனால் மரகதம் பாறையில் கிடந்து திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அதையெல்லாம் இல்லை. அன்று திரும்பி வந்த பயணத்தைத்தான். முதுகின் மேல் நான்கு பெண்களும் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். யார் தையல் முதலில் பிரிந்தது, யார் இலை பழுத்த இலை என்று. முதல் நாளின் கூச்சல் அதில் இல்லை. ஆனாலும் மரகதத்துக்கு அது இனித்தது. நடுக்குளத்தில் அவள் நீந்துவதை நிறுத்தினாள்.

"நாம கெளம்பும்போது கோமதி எங்கிட்ட இன்னொண்ணும் சொன்னா. தூக்கிக்கிட்டு மரமேற, பையில பிடி இல்லையாம்" என்றாள்.

மேலே சண்டை நின்றது. மரகதம் கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தாள்.

"அப்படியா?" என்றாள் செங்கமலம். "வேற என்னல்லாம் சொன்னா? ஒண்ணு விடாமச் சொல்லு அக்கா."

உழைப்பவருக்கு முழு விலையைக் கொடுத்தால் மட்டும் போதாது, முழு உண்மையையும் சேர்த்துக் கொடுப்பதுதான் நேர்மையான வியாபாரம்.