பாதையோரத் தக்காளி

ஆனைக்கல் குன்றின் விலங்குகள் வேட்டையை விட்டு விவசாயத்துக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. உச்சியில் கரடி சாமை விதைத்தது. நடுச்சரிவில் முயல் கேழ்வரகு போட்டு, ஊடே அவரையையும் ஊன்றியது. அடிவாரத்தில், குளத்துக்குக் கீழே, காட்டுப்பன்றி நெல் நட்டது. இதற்கெல்லாம் யாரும் கூட்டம் போட்டுத் திட்டம் தீட்டவில்லை. உச்சியில் தண்ணீர் நிற்காது, சாமைக்கு அவ்வளவு தண்ணீர் தேவையும் இல்லை. பள்ளத்தில் தண்ணீர் வடியாது, பன்றிக்கோ சேறு இல்லாவிட்டால் தூக்கமே வராது. ஆகவே எல்லாம் தானாகப் பொருந்திவிட்டது.

குன்றுக்கு ஒரு தலைவர் இருந்தார். பவிசு என்று பெயர், நரி. அவர் எதையும் விதைப்பதில்லை. தலைவராக இருப்பதே பெரிய வேலை என்று அவரே சொல்லிக்கொண்டார். தினமும் காலையில் ஒற்றையடிப் பாதையில் நடந்து எல்லா வயல்களையும் பார்வையிடுவார். ஆனால் வயலுக்குள் இறங்க மாட்டார். பயிர்மேல் பனி இருக்கும், இறங்கினால் வால் நனைந்துவிடும். குன்றிலேயே அழகான வால் தன்னுடையதுதான் என்பது அவருடைய நம்பிக்கை. மற்றவர்களுக்கு அதில் கருத்து இல்லை.

ஓர் ஆடி மாதம் பவிசு மலைக்கு அப்பால் இருக்கும் குரங்குச் சந்தைக்குப் போய்வந்தார். திரும்பி வந்ததும் எல்லோரையும் கூப்பிட்டார்.

"நாமெல்லாம் இத்தனை நாள் முட்டாளா இருந்திருக்கோம்," என்றார். "அதாவது, நீங்க இருந்திருக்கீங்க. அங்க ஒரு கூடை தக்காளிக்கு ஒரு மூட்டை உப்பும் ஒரு மூட்டை அரிசியும் தர்றாங்க. என் கண்ணால பார்த்தேன். இனிமே இந்தக் குன்றுல தக்காளி மட்டும்தான். உச்சியில இருந்து அடிவாரம் வரைக்கும் ஒரே சிவப்பா இருக்கணும்."

"சாமை முளைச்சு நிக்குதே, தலைவரே?" என்றது மொத்தி என்ற அந்தக் கரடி.

"பிடுங்கிப் போடு."

சுருளி என்ற முயல் தன் வயிற்றைத் தடவிக்கொண்டாள். அந்த வயிற்றில் குட்டிகள் இருந்தன. ஐப்பசியில் அடைமழை பிடித்தால் காட்டாறு பாதையை அறுத்துவிடும். தை பிறக்கும் வரை யாரும் வெளியே போக முடியாது, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கும் அழுகிப்போகும். குதிரில் தானியம் இருக்கிற வீட்டில்தான் அடுப்பு எரியும். அவள் குட்டிகள் பிறக்கப்போவதும் அந்த மழையில்தான்.

"தலைவரே, சந்தைக்குப் பக்கத்துல இருக்கிறவங்க தக்காளி போடட்டும், கீரை போடட்டும்," என்றாள். "காலையில பறிச்சு மத்தியானம் வித்துடுவாங்க. நாம ரெண்டு மலை தாண்டிப் போகணும். கெடாத சாமானைப் போட்டாத்தானே கொண்டுபோக முடியும்? அதுவும் நம்ம சுமையைத் தூக்குறது யாரு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குன்றில் சுமை தூக்குவது ஆமைகள்தான். அவற்றின் மூத்த ஆமைக்கு அவசரம் என்று பெயர். யார் வைத்த பெயரோ தெரியவில்லை. அது அப்போதுதான் கூட்டத்துக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது. கூட்டம் கூட்டியது முந்தின நாள்.

"குறுக்கே பேசாதே, சுருளி," என்றார் பவிசு. "சந்தைக்குப் போயிருக்கியா நீ? நான் போயிருக்கேன். தக்காளி போடாதவங்க மழைக்கு முன்னாடி குன்றை விட்டுப் போயிடணும். அவ்வளவுதான்."

மறுநாளே மொத்தி தன் சாமையைப் பிடுங்கியது. கிளறன் என்ற பன்றி தன் நாற்றை மிதித்து அழித்தது. பன்றிக்கு அழிக்கிற வேலை என்றால் கொஞ்சம் உற்சாகம்தான். அன்று அது பாட்டுக்கூடப் பாடியது.

சுருளி தன் கேழ்வரகின் நடுவே நின்றாள். பயிர் ஒரு சாண் உயரம் வந்திருந்தது. ஒரு தாளைப் பிடித்து இழுத்தாள். வேர் வரவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது. அப்புறம் நிமிர்ந்து பாதையைப் பார்த்தாள். பாதையிலிருந்து பார்த்தால் வயலில் எவ்வளவு தெரியும் என்று நடந்துபோய்ப் பார்த்தாள். அதற்கப்பால் வயல் சரிந்து கீழே போய்விட்டதால் ஓரம் மட்டும்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் பாதையோரம் முழுக்கத் தக்காளி நாற்று நட்டுவிட்டாள். செடி படர நெருக்கமாகக் குச்சி ஊன்றினாள். உள்ளே கேழ்வரகு அப்படியே நின்றது.

பவிசு தினமும் வந்து பார்த்தார். தக்காளிப் படல் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. "மொதல்ல வாய் பேசினாலும் இப்போ நல்லாவே செய்யறே," என்று பாராட்டினார்.

புரட்டாசியில் ஒருநாள் அவர் நின்று மூக்கை உறிஞ்சினார். "உள்ளே ஏதோ கதிர் வாசம் வருதே?"

சுருளி காதை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு, தலைவரே. நீங்களே உள்ளே இறங்கி ஒரு நடை பார்த்துடுங்க. வாங்க. பனி கொஞ்சம் அதிகம், இடுப்பு வரைக்கும்தான் நனையும்."

பவிசு தன் வாலைப் பார்த்தார். வயலைப் பார்த்தார். மறுபடி வாலைப் பார்த்தார். "தலைவர்னா நம்பிக்கை வைக்கத் தெரியணும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மற்ற வயல்களில் கதை வேறு மாதிரி ஓடியது. அடிவாரத்தில் தண்ணீர் தேங்கிப் பாதிச் செடிகள் வேரழுகிப் படுத்துவிட்டன. உச்சியிலோ மண் காய்ந்து கிடந்தது. மொத்தி குளத்திலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தது. எப்படியோ மிச்சச் செடிகள் காய்த்துப் பழுத்தன. கூடைகள் நிறைந்தன. ஆமைகளின் முதுகில் ஏற்றிக் கட்டினார்கள். பவிசு முன்னால் நடக்க, மொத்தியும் கிளறனும் பின்னால் போக, வயிற்றுக் குட்டிகளோடு சுருளி மட்டும் வீட்டில் தங்கிவிட, ஊர்வலம் புறப்பட்டது. ஊர்வலத்தின் கடைசிப் பகுதி சாப்பாட்டு நேரத்தில்கூடக் கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

வெயில் அடித்தது. முதல் மலை தாண்டுவதற்குள் கூடையில் சாறு கசிந்தது. இரண்டாவது மலையில் ஈ மொய்த்தது.

"கொஞ்சம் வேகமாப் போகக் கூடாதா?" என்று கத்தினார் பவிசு.

"இதுதான் வேகம்," என்றது அவசரம்.

சந்தையில் நுழைந்ததும் பவிசு நின்றுவிட்டார். எங்கே பார்த்தாலும் தக்காளி. காலையில் பறித்த தக்காளி, பனி கூடக் காயாதது, குவியல் குவியலாகக் கிடந்தது.

சந்தைக் குரங்கு ஒன்று கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டது. "என்னங்க இது, ரசமா?"

"தக்காளி. ஆடியில இதுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தீங்களே!"

"அப்போ எங்க கொல்லையில பூச்சி விழுந்து காய்ப்பு இல்ல. அதனால கொடுத்தோம். இப்போ நாங்களே மாட்டுக்குப் போடறோம். அது கிடக்கட்டும், உங்க குன்றுச் சாமை இருக்கா? கேழ்வரகு? அது எங்க மண்ணுல வராது. அதுக்கு வேணும்னா உப்பு தர்றேன்."

மொத்தி திரும்பிப் பவிசுவை மட்டும் பார்த்தது. அந்தப் பார்வைக்கு அவர் கொஞ்சம் தள்ளி நின்றார். குட்டிக் குரங்குகளுக்குத்தான் கொண்டாட்டம். கூடையில் இருந்ததை எடுத்துத் தலைவர் மேலேயே எறிந்து விளையாடின. அழகான வால் ஒரே சிவப்பாகிவிட்டது.

அவர்கள் திரும்பி வந்து சேரவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. காட்டாறு பாதையை அறுத்தது. குதிர்களில் ஒன்றுமில்லை. சுருளி வீட்டில் மட்டும் புகை வந்தது. அவள் கேழ்வரகை அறுத்து, அடித்து, குதிரில் கொட்டியிருந்தாள். குட்டிகளும் பிறந்திருந்தன.

வாசலில் மொத்தியும் கிளறனும் நனைந்துகொண்டு நின்றார்கள். ஆமைகள் வந்துகொண்டிருந்தன.

சுருளிக்கு ஆத்திரமாக வந்தது. கதவைச் சாத்திவிடலாம் என்றுதான் நினைத்தாள். இது தன் குட்டிகளின் சோறு. கூட்டத்தில் தான் ஒற்றை ஆளாகப் பேசியபோது இதே மொத்தியும் இதே கிளறனும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மொத்தியின் பெரிய உடம்பு குளிரில் நடுங்கியதைப் பார்க்க அவளால் முடியவில்லை. குதிருக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தாள். பானையில் இன்னும் தண்ணீர் ஊற்றினாள்.

"கூழ் தண்ணியாத்தான் இருக்கும், மொத்தியண்ணே. என் குட்டிங்க குடிச்ச அப்புறம்தான் உங்களுக்கு. மூணு வேளை கேக்கக் கூடாது."

"ஒரு வேளை போதும், தாயி," என்றது மொத்தி.

கடைசியில் பவிசு வந்தார். வால் ஒட்டிப்போய்க் கயிறுபோல் தொங்கியது. ஓரமாக நின்றார்.

"உங்களுக்கும் உண்டு," என்றாள் சுருளி. "ஆனா ஒரு பேச்சு. அடுத்த வெள்ளாமைக்கு இன்னது போடுங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி, ஒவ்வொரு வயலுக்குள்ளயும் இறங்கி நடக்கணும். காலையில, பனியோட."

பவிசு கூழைப் பார்த்தார். வாலைப் பார்க்கவில்லை. "சரி," என்றார்.

தை பிறந்தது. பாதை திறந்தது. ஒருநாள் காலையில் எல்லோரும் பாதையில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பவிசு உச்சி வயலில் இறங்கினார். அங்கே கல் குத்தியது. நடுச்சரிவில் இறங்கினார். வால் நனைந்தது. அடிவாரத்தில் ஒரு கால் வைத்தார், முழங்கால் வரை சேற்றில் புதைந்தது. இழுத்தார், வரவில்லை.

"இப்போ சொல்லுங்க, தலைவரே," என்றது கிளறன், சேற்றில் சுகமாகப் படுத்தபடி. "இங்க என்ன போடலாம்?"

"நெல்லு," என்றார் பவிசு. "நெல்லே போடு. முதல்ல என்னைத் தூக்கி விடு."

நீதி: எந்த மண்ணில் எது விளையும், விளைந்தது எவ்வளவு தூரம் கெடாமல் போகும் என்று தெரியாமல் பாதையில் நின்று உத்தரவு போடுகிறவரை நம்பி வீட்டுத் தானியத்தைப் பிடுங்கிப் போடாதீர்கள்.