தோகை வைத்த இளவரசி

ஒரு காட்டில் கதை சொல்லும் கரடியார் ஒருவர் இருந்தார், குழந்தைகளே. அவர் கதைக்கு ஒரு வழக்கம் உண்டு. கேட்க வந்த குட்டிகள் எல்லோருடைய பெயரும் கதையில் வரும். தன் பெயர் வந்ததும் அந்தக் குட்டி எழுந்து ஓர் ஆட்டம் போட வேண்டும். அப்போது நடக்கும் கூத்தைக் கேட்கவே வேண்டாம்!

ஆடாமல் உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு மயில்தான். வீட்டில் வைத்த பெயர் நீலன். ஆனால் தான் பெண் என்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். நீலவேணி என்று தானே பெயரும் வைத்துக்கொண்டாள். கரடியாரோ நாள் தவறாமல், "நீலன் என்றோர் இளவரசன்..." என்பார். அவள் எழுந்திருக்கவே மாட்டாள்.

"இன்றைக்குக் கேட்டுவிடுகிறேன். சரிவராவிட்டால் இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று ஒரு மாலை முடிவு செய்தாள்.

"மாமா, நான் இளவரசன் இல்லை, இளவரசி. என் பேரு நீலவேணி."

கரடியார் வயிறு குலுங்கச் சிரித்தார். "இவ்வளவு பெரிய தோகையை வச்சுக்கிட்டு இளவரசியா? தோகை, கொம்பு எல்லாம் ஆம்பளைங்களுக்குத்தான். போய் உட்காரு, போ."

நீலவேணி உட்காரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

கன்றைக் கதைக்குக் கூட்டி வந்த காட்டெருமை, ஓரமாக அசைபோட்டுக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டதும் மெல்லுவதை நிறுத்தினாள்.

"கரடி, என் தலையில இருக்கிறது என்ன?"

"கொம்பு, அக்கா."

"அப்போ நான் உனக்கு அண்ணனா?"

கரடியாருக்கு வியர்த்துக் கொட்டியது. அவ்வளவு கூரான கொம்பு! "ஐயையோ, இல்லக்கா! நீங்க பொம்பளைதான்."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க சொல்லித்தான்..."

"அவளும் வாயைத் திறந்து சொல்றாளே! காதுல என்ன, தேனை ஊத்தி வச்சிருக்கியா?"

குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன. கரடியார் தலையைச் சொறிந்தார். பிறகு, "நீலவேணி, கொஞ்சம் நில்லும்மா!" என்று கூப்பிட்டார். "நான் சொன்னது தப்பு. என் கதைக்கு நீ வேணும்."

அவள் திரும்பி வந்தாள்.

"ஒரு காட்டில் நீலவேணி என்று ஓர் இளவரசி இருந்தாள்" என்று தொடங்கினார் கரடியார். "அவளுக்கு நீளமான தோகை உண்டு."

"இளவரசிக்குத் தோகையா?" என்றது முயல்குட்டி.

"எனக்கு உண்டே!" என்று தோகையை விரித்து ஆடத் தொடங்கினாள் நீலவேணி. சந்தோஷம் அவளுக்குத் தாங்கவில்லை. அடுத்த வரியைச் சொல்லக் கரடியார் காத்திருந்தார், காத்திருந்தார், காத்துக்கொண்டே இருந்தார். ஆட்டம் முடிந்தால்தானே!

நீதி: ஒருவர் யார் என்பதை அவர் வாயால் கேட்டு, அப்படியே அவரை மதிக்க வேண்டும்.