குறடு கேட்ட குரல்

டம், டம், டம். ஜெர்மன் நாட்டுச் சந்தைகளில் ஒரு காலத்தில் இந்தச் சத்தம் கேட்டால் போதும், பல்வலிக்காரர்களின் தாடை தானாக இறுகிக்கொள்ளும்.

பல் பிடுங்கும் லோரென்ஸ் ஊருக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம். அவன் மைத்துனன் யோப்ஸ்ட் முரசை அறைவான். லோரென்ஸின் கையில் குறடு. மேடையேறியவர் வாயைத் திறந்ததும் முரசு உச்சத்துக்குப் போகும். அலறல் வெளியே கேட்டால் அடுத்த ஆள் வரமாட்டானே, அதற்காக.

அன்று ஏறியவள் ரொட்டிக்கடை வால்புர்கா. குறடு பல்லைப் பற்றியதும் அவள் ஏதோ சொன்னாள். முரசு அதை விழுங்கிவிட்டது. பல் வந்தது, கூட்டம் கைதட்டியது.

"என்னை ஏன் எடுத்தாய்?" என்றது பிடுங்கிய பல். "நோவு எனக்கில்லை, என் பக்கத்து வீட்டுக்காரனுக்கு."

குறட்டுக்கு வாய் கூசியது. அன்றிரவு, சந்தையோரம் நின்ற வண்டிக்குள், முரசிடம் கேட்டது:

"அண்ணே, அவள் சொன்னது உங்களுக்குக் கேட்டதா?"

"கைதட்டல் கேட்டது. அது போதாதா தம்பி?"

"நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டோம்."

"வாய் நிறைய வைத்திருக்கிறாள், ஒன்று போனால் என்ன? நான் அடங்கினால் நீ துருப்பிடித்துத்தான் கிடப்பாய்."

மறுநாள் காலை வால்புர்கா மறுபடி வந்தாள். கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது.

"ஐயா, இன்றைக்கும் நல்லதையே பிடுங்கினால் நான் எதை வைத்து மெல்லுவேன்?"

லோரென்ஸ் காதில் வாங்காமல் மச்சானுக்குச் சைகை காட்டினான். யோப்ஸ்ட் கோலை ஓங்கினான்.

குறடு வேண்டுமென்றே நழுவி, முரசின் மேல் விழுந்தது. தோல் கிழிந்தது.

"கெடுத்தாயே, பாவி," என்று முனகியது முரசு.

வேறு வழியின்றி லோரென்ஸ் முரசின் மேல் கிடந்த குறட்டை எடுத்து அவள் வாய்க்குள் விட்டான்.

"அதில்லை ஐயா," என்று குழறினாள் வால்புர்கா. "அதற்குப் பின்னால்."

லோரென்ஸ் திகைத்து நின்றான். மேடையில் ஒருவர் பேசி அவன் கேட்டதே இல்லை.

"இதா, அம்மா?"

"ம்."

அவள் அலறியது சந்தை முழுக்கக் கேட்டது. பாதிக் கூட்டம் ஓடிப்போயிற்று. அவள் இரத்தத்தைத் துப்பி, கன்னத்தைத் தடவிப் பார்த்து, மெல்லச் சிரித்தாள். "இதுதான் ஐயா, சரியான பல்."

மீதிப் பேர் கன்னத்தைப் பிடித்தபடி முன்னே நகர்ந்தார்கள்.

"அலறலைக் கேட்டுமா வருகிறார்கள்?" என்றது முரசு.

"அவள் அப்புறம் சொன்னதையும் கேட்டார்களே, அண்ணே."

லோரென்ஸ் அதன்பின் சந்தைக்குப் போகவில்லை. அதே ஊரில் ஓர் அறை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, எங்கே வலிக்கிறது என்று ஒவ்வொருவரையும் கேட்டே பல் பிடுங்கி, அங்கேயே கிழவனாகி இறந்தான்.