ராஜ பந்தியில் ஏழெட்டு

முன்னொரு காலத்தில் வெண்கரை என்றொரு நாட்டை அடலேறு மகாராஜா ஆண்டுவந்தார். கோபம் வந்தால் தலையை வாங்குவார். குஷி வந்தால் ஊரையே எழுதிக் கொடுப்பார். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் யோசிக்கிற பழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது.

அவருக்கு வாய்ப்பாட்டின் மேல் ஒரு பித்து. சின்ன வயதில் கணக்காசான் இடும்பனாரிடம் பிரம்படி வாங்கிப் படித்தவர் அல்லவா! 'வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் ஒப்பிக்காத பிள்ளைக்கு ராஜ பந்தியில் இலை கிடையாது' என்று சட்டமே போட்டுவிட்டார். அந்தச் சட்டம் முதலில் அவர் மகனைத்தான் பதம் பார்த்தது. இளவரசன் சேந்தன் ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் திக்கி நின்றான். சபையே சிரித்தது.

"மண்டை முழுக்கக் களிமண்! போய் யானைக்குத் தழை கட்டு, போ!" என்றார் மன்னர்.

பையனும் போனான். சில காலம் யானைக் கொட்டாரத்தில் தழை கட்டினான். பிறகு ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் நாட்டைவிட்டே போய்விட்டான். மன்னர் அவனைத் தேட ஆள்கூட அனுப்பவில்லை. கதை சொல்கிற எனக்கே அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

இரண்டு மூன்று வருஷம் கழித்து மகள் வஞ்சியின் முறை. பத்து வயதுகூட நிரம்பாத குழந்தை.

"மன்னா, இளவரசியும் அண்ணன் மாதிரிதான். எட்டாம் வாய்ப்பாடு என்றாலே ஊமையாகிவிடுகிறாள்" என்று இடும்பனார் வத்தி வைத்தார்.

"அப்படியானால் அவளும் அண்ணன் போன வழியே போகட்டும்! பௌர்ணமியன்று நானே சோதிக்கிறேன்!"

அரசி அழுதுகொண்டே அமைச்சர் காரியாரிடம் ஓடினாள். "ஒரு பிள்ளையைத் தொலைத்தது போதாதா ஐயா?" என்றாள். காரியார் குழந்தையைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"எனக்குப் பாட்டு மாதிரி சொல்ல வராது மாமா. கண்ணால் பார்த்தால் சொல்லிவிடுவேன்" என்றாள் வஞ்சி.

காரியார் நேரே மன்னரிடம் போனார். "மன்னா, சோதனையைப் பௌர்ணமி விருந்திலேயே வைத்துக்கொள்ளலாமே. சாப்பாட்டுக்குச் சாப்பாடும் ஆயிற்று, வேடிக்கைக்கு வேடிக்கையும் ஆயிற்று" என்றார். சாப்பாடு என்றதும் மன்னர் தலையாட்டிவிட்டார்.

பௌர்ணமியும் வந்தது. கூடத்தில் வரிசை வரிசையாக இலை போட்டிருந்தார்கள். ராஜ பந்தி என்றால் தவில் அதிர வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். தவில்காரரும் தயாராக இருந்தார்.

"எத்தனை இலை?" என்றார் மன்னர்.

"பெரியவர் முதலில் சொல்லட்டும் மன்னா" என்றார் காரியார். "ஆசானே, வாசலிலிருந்து பார்த்தால் ஏழு வரிசை, வரிசைக்கு எட்டு. பக்கவாட்டில் நின்றால் எட்டு வரிசை, வரிசைக்கு ஏழு. நீங்கள் பக்கவாட்டில் நின்று சொல்லுங்கள்."

"இதெல்லாம் ஒரு கேள்வியா! ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு..."

தவில் அதிர்ந்தது. இடும்பனாருக்கு விட்ட இடம் தெரியவில்லை. மறுபடி ஓரேழிலிருந்து ஆரம்பித்தார். தவில் மறுபடி முழங்கியது. அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"மேளத்தை நிறுத்தச் சொல்லுங்கள்! நடுவில் விட்டால் முதலிலிருந்துதானே வர வேண்டும்!" என்று கத்தினார்.

எல்லாரும் சிரித்தார்கள். மன்னர் மட்டும் சிரிக்கவில்லை. சால்வைக்குள் விரலை மடக்கிக்கொண்டிருந்தவர், நாலேழிலேயே கோட்டை விட்டிருந்தார்.

"நான் சொல்லட்டுமா அப்பா?" என்றாள் வஞ்சி. "இதோ இந்த ஐந்து வரிசை நாற்பது. மிச்சம் இரண்டு வரிசை பதினாறு. மொத்தம் ஐம்பத்தாறு. எந்தப் பக்கம் நின்றாலும் அதே இலைதானே?"

"அமைச்சர் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்!" என்று குதித்தார் இடும்பனார். காரியார், சாடைகூடக் காட்ட முடியாதபடி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மன்னர் வரிசைக்கு ஓர் இலையை எடுக்கச் சொல்லி, புதிதாக இரண்டு வரிசை போடச் சொன்னார். தவில் முழங்கிக்கொண்டே இருந்தது. வஞ்சி ஒரு பார்வை பார்த்தாள்.

"வரிசைக்கு ஏழு. பத்து வரிசை இருந்தால் எழுபது. ஒரு வரிசை குறைகிறது. அறுபத்துமூன்று."

மன்னர் தன் முத்துமாலையைக் கழற்றி மகள் கழுத்தில் போட்டார். இடும்பனாரின் பிரம்பை வாங்கி முறித்து எறிந்தார். "நீரும் நாளை முதல் பிள்ளைகளோடு உட்கார்ந்து இலை போட்டுப் படியும். பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் வையும்" என்றார். பிறகு, "காரியாரே, பலே வித்தை சொல்லிக்கொடுத்தீர்!" என்று தட்டிக்கொடுக்கக் கை நீட்டினார்.

"மாமா இல்லை அப்பா, அண்ணன்தான்" என்றாள் வஞ்சி. "கொட்டாரத்தில் தழைக்கட்டுகளை வரிசையாக அடுக்குவான். இங்கே பிரித்துப் பார், அங்கே திருப்பிப் பார் என்று காட்டுவான்."

தவில்காரரின் கை தானாக நின்றது. மன்னர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"அவனைக் கொட்டாரத்துக்குத் துரத்தியபோது நீராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா காரியாரே?"

காரியார் சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னார். "சபையோடு சேர்ந்து நானும் சிரித்தேன், மன்னா."

அன்று மன்னர் சாப்பிடவில்லை. நாலு திசைக்கும் ஆள் அனுப்பித் தேடினார்கள். தெற்கே வேற்று நாட்டு உப்பளத்தில் சேந்தன் இருப்பதாகக் கடைசியில் தகவல் வந்தது. பல்லக்கு வேண்டாம் என்று மன்னர் குதிரையேறித் தானே போனார்.

உப்புப் பாத்திகள் கட்டம் கட்டமாகப் பளபளத்தன. உப்பளத்துக்காரர் பிள்ளைகள் வரப்பில் நின்று, "ஆறு வரிசை, வரிசைக்கு ஒன்பது!" என்று கூவிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்றவனுக்கு மீசை முளைத்திருந்தது. மன்னருக்கு அவனை உடனே அடையாளம் தெரியவில்லை. அதை நினைத்தே அவர் கண் கலங்கியது.

"தப்பு என்மேல்தான் சேந்தா. வீட்டுக்கு வாப்பா" என்றார்.

சேந்தன் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. கைகூப்பினான். "வெயிலில் வந்திருக்கிறீர்கள். முதலில் கஞ்சி குடியுங்கள், மகாராஜா" என்றான்.

கொட்டகையில் பிள்ளைகளோடு பிள்ளையாக மன்னர் உட்கார்ந்தார். கஞ்சி குடித்து முடித்தார். வாய்தவறியாவது 'அப்பா' என்று ஒரு தடவை சொல்லிவிட மாட்டானா என்று, தாகமே இல்லாமல் மறுபடி மறுபடி தண்ணீர் கேட்டார். சேந்தன் முகம் சுளிக்காமல் ஒவ்வொரு முறையும் ஊற்றினான். ஒவ்வொரு முறையும், "போதுமா மகாராஜா?" என்றுதான் கேட்டான்.