ஏழு விநாடி ஒலிபரப்பு

வேதமாணிக்கம் நீர்ப்பறவைகளைப் பற்றி ஒன்பது புத்தகம் எழுதியவர். அறுபத்து மூன்று வயதில் ரேடியோவில் பேசக் கற்றுக்கொள்ளலாம் என்று உள்ளூர்ச் சமுதாய வானொலிக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த குரு இசக்கியம்மாள். அவர் மகளைவிட இரண்டு வயது இளையவள். ஆனாலும் மனுஷர் வாய் நிறைய "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

"டீச்சர், ரேடியோவில் நல்லாப் பேசுறது எப்படி?"

"முதல்ல பேசுங்க அண்ணாச்சி. பிறகு பாப்போம்."

பேசினார். அடேயப்பா, மூன்று நாள் பேசினார்!

வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் கொடைத் திருவிழா. மேலக்குளத்துக் கரை மரங்களில் கூம்புக் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவது ஊர் வழக்கம். குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களிலோ இந்த வருஷமும் கூழைக்கடாக்கள் குஞ்சு பொரித்திருந்தன. பாட்டு அலறினால் தாய்ப்பறவைகள் பறந்துவிடும், குஞ்சுகள் வெயிலில் காய்ந்து சாகும். இதைத்தான் மூன்று நாளும் புள்ளிவிவரத்தோடு விளக்கினார். ஒரு போன்கூட வரவில்லை. மனுஷருக்குச் சோறே இறங்கவில்லை.

"இனி என்ன செய்ய டீச்சர்?"

"மைக்செட் சுடலைமணியைக் கூட்டிட்டு வாங்க."

"அவரையா? குழாய் கட்டுறதே அவர்தானே!"

"அதான்."

புதன்கிழமை நேரலை. இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் மைக் கட்டியவர், தன் முன்னால் ஒரு மைக்கைப் பார்த்ததும் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"சத்தத்தால் பறவைக்கு என்ன ஆகும், தெரியுமா?" என்று கேட்டார் வேதமாணிக்கம். சுடலைமணி வாயைத் திறந்தார். அதற்குள் வேதமாணிக்கமே பதிலையும் சொல்லி முடித்துவிட்டார். அடுத்த கேள்விக்கும் அதே கதைதான். எழுத்தாளர் இல்லையா, கேள்வியை அந்தரத்தில் விட மனசு வராது.

"ஏன் குளத்தங்கரையில் குழாய் கட்டுறீங்க?" என்று மூன்றாவதாகக் கேட்டுவிட்டு, பதிலையும் தானே சொல்ல மூச்சு இழுத்தார்.

இசக்கியம்மாள் அவர் மைக்கின் ஒலியை அடிவரை இறக்கிவிட்டாள். உதட்டின் மேல் விரலும் வைத்தாள்.

ரேடியோவில் பேச்சு நின்றால் கேட்கிறவர்கள் பெட்டி கெட்டுப்போச்சென்று தட்டிப் பார்ப்பார்கள். வேதமாணிக்கம் சுவர்க் கடிகாரத்தையே பார்த்தார். மூன்று விநாடி. ஐந்து. ஏழு.

சுடலைமணி தொண்டையைச் செருமினார்.

"அது வந்து... எங்கப்பா காலத்துல அக்கரை வயல்ல ஆளுங்க நாத்து நடுவாங்க. அவங்களுக்கும் அம்மன் பாட்டு கேக்கணும்னு கரையில கட்டுனது. இப்ப அங்க வயலெல்லாம் போயி வெறும் பிளாட்டுக் கல்லுதான் நிக்கு. கல்லுக்கு எதுக்குப் பாட்டு? போன கொடையப்ப மரத்துலேருந்து ஒரு குஞ்சு விழுந்துச்சு. எம் மவ தூக்கியாந்து ரெண்டு நாள் மடியிலயே வச்சிருந்தா. பொழைக்கல. இன்னமும் அவ மூஞ்சியப் பாக்க எனக்குக் கூச்சமா இருக்கு. கோயில் வாசல் வளைவுல குழாயை ஊரைப் பாத்துக் கட்டிட்டா முடிஞ்சது சோலி. நான் கட்டித் தாரேன். எங்கிட்ட யாரும் கேக்கலியே!"

போன் அலறியது. கொடைக் கமிட்டித் தலைவர்.

"ஏ சுடல, வளைவுலயே கட்டுடே! இத முன்னமே சொல்ல என்னடே?"

பிறகு போன் ஓயவே இல்லை.

வெள்ளிக்கிழமை கோயில் வளைவிலிருந்து பாட்டு ஊருக்குள் ஜாம்ஜாமென்று போனது. குளத்தில் ஒரு பறவைகூட எழும்பவில்லை. தாய்களின் வாய்க்குள் தலையை விட்டுக் குஞ்சுகள் மீன் தின்றுகொண்டிருந்தன. கரையில் நின்ற வேதமாணிக்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சத்தம் வராமல் கை தட்டினார்.

பக்கத்தில் வந்து நின்றாள் இசக்கியம்மாள்.

"எல்லாம் சரி டீச்சர். நல்லாப் பேசுறது எப்படின்னு கேட்டேனே, நீங்க சொல்லவே இல்லையே?"

"புதன்கிழமை ஏழு விநாடி பேசுனீங்களே அண்ணாச்சி, அருமையா இருந்துச்சு!"