பவுன்தாய் எதனால் இறந்தாள்

"தீர்ப்பில் தப்பு இருக்கிறதா, சொல்லுங்கள்" என்றார் நீதிபதி வேதமாணிக்கம்.

டாக்டர் சபூரா கடைசிப் பக்கம் வரை படித்தார். அவர் நீதிபதியைவிட வயதில் சின்னவர். ஆனாலும் குரு. ஆஸ்பத்திரிகளுக்காக வாதாடும் வக்கீலாக வேதமாணிக்கம் தொழிலைத் தொடங்கியபோது, எலும்பு முதல் இதயம் வரை சொல்லிக்கொடுத்தவர்.

"தப்பில்லை."

"பிறகு ஏன் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது?"

"என்ன நடந்தது?"

"முத்திருளாண்டி என்று ஒருவர். பிரசவமான மறுநாள் மனைவி இறந்துவிட்டாள். டாக்டர் மேல் தவறில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்தேன். அவர் கும்பிட்டபடி, 'ஐயா, என் பவுன்தாய் எதனால செத்தா? அதை மட்டும் சொல்லுங்க' என்றார்."

"நீங்கள்?"

"அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னேன்."

"ஏன்?"

"எல்லாம் தீர்ப்பில் இருக்கிறதே."

"இங்கிலீஷில்."

வேதமாணிக்கம் தீர்ப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பிறகு சட்டென்று கேட்டார்:

"ஒரு டாக்டர்கூடவா அவரிடம் இதைச் சொல்லவில்லை?"

சபூரா ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்தார்.

"என்ன?"

விரலை எடுக்கவில்லை.

"டாக்டரம்மா, எனக்கு விளங்கவில்லை."

"என் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? என் கையில் ஒரு குழந்தை இறந்துபோனது. அதன் தாய் கோர்ட் வராந்தாவில் நின்றாள். அவளிடம் பேச எழுந்தேன். நீங்கள் இப்படித்தான் காட்டினீர்கள். வாயைத் திறந்தால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றீர்கள்."

"வழக்கில் ஜெயித்தோமே."

"ஜெயித்தோம். அதோடு நான் நோயாளிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்."

வேதமாணிக்கம் தலை குனிந்தார்.

எத்தனை டாக்டர்களுக்கு அந்த விரலைக் காட்டியிருப்பார். ஊர் ஊராகப் போய் டாக்டர்கள் கூட்டங்களில் மேடையிலும் அதையே சொல்லியிருக்கிறார். எல்லோரும் கைதட்டினார்கள்.

முத்திருளாண்டியையும் இரு தரப்பு வக்கீல்களையும் மறுபடி நீதிமன்றத்துக்கு வரச் சொன்னார்.

"தீர்ப்பு மாறாது" என்றார். "ஆனால் நீங்கள் கேட்டதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. அது என் தவறு."

வக்கீல்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்கள் மனைவிக்குக் காலில் ரத்தம் கட்டியிருக்கிறது. அந்தக் கட்டி நகர்ந்துபோய் நுரையீரலை அடைத்துவிட்டது. சட்டென்று வருவது. யாரும் முன்கூட்டிக் கண்டுபிடித்திருக்க முடியாது."

முத்திருளாண்டி கண்ணை எடுக்காமல் கேட்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"வலி வந்ததும் நான்தான்யா குறுக்கு ரோட்டுல கூட்டிட்டுப் போனேன். ஒரே குண்டும் குழியும். வண்டி ரொம்பக் குலுங்குச்சு. அதனால இல்லையே?"

"இல்லை."

"நிசமாவா?"

"நிஜமாக இல்லை."

அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"இதைத் தெரிஞ்சுக்கத்தான்யா கேசு போட்டேன்."